முதல் நான்கு வரி: வெப்சைட்டில் சுகாதாரத் தகவல் எழுதுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டீர்கள். பாட்டு கேட்டாயிற்று, படம் பார்த்தாயிற்று, மின் கட்டணமும் வீட்டிலிருந்தே செலுத்தியாயிற்று. ஒரு நாள் இரவு பத்து மணிக்குக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தெருவில் உள்ள கிளினிக்கைப் பூட்டிவிட்டார்கள். உடனே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, சர்ச் இன்ஜினில் 'குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்ன செய்வது' என்று டைப் செய்கிறீர்கள்.

என்ன கிடைக்கும்? ஒரு பக்கம் வயிற்றுப்போக்கு என்றால் என்ன என்று இலக்கணம் சொல்லும். இன்னொன்று கிருமிகளின் பெயர்களை வரிசையாக அடுக்கும். மூன்றாவது, காகிதத்தில் அச்சடித்த நோட்டீஸை ஸ்கேன் செய்து போட்டதாக இருக்கும். எழுத்துகள் மங்கலாகத் தெரியும். நான்காவது பக்கம் ஏதோ ஒரு பவுடரை விற்கும். நீங்கள் தேடியதோ ஒரே ஒரு பதில்: இப்போது நான் என்ன கொடுக்க வேண்டும்?

அந்தப் பதில் ஒன்றும் ரகசியமல்ல. 1971ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். 20 முதல் 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, சுமார் 3.6 சதவீதமாகக் குறைந்தது. கரைசலைக் கொடுத்தவர்களில் பலர் நோயாளிகளின் உறவினர்களே. சொன்ன விஷயம் எளிமையாக இருந்ததால் அவர்களால் அதைச் செய்ய முடிந்தது.

இன்று அதே விஷயத்தைச் சொல்ல வெப்சைட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்காக எழுதுபவர்கள் டாக்டர்கள், சுகாதார ஆய்வாளர்கள், கிராம சுகாதார செவிலியர்கள், தொண்டு நிறுவன ஊழியர்கள். மருத்துவ விஷயம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். மானிட்டரிலும் செல்போன் திரையிலும் படிப்பவருக்கு எப்படி எழுதுவது என்பதைத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அது கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான். எப்படி என்று பார்ப்போம்.

திரையில் யாரும் வரி வரியாகப் படிப்பதில்லை

வெப்சைட்டை மக்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஜேக்கப் நீல்சன், ஜான் மோர்க்ஸ் ஆகிய இருவரும் ஆராய்ந்தார்கள். 1997ல் வெளியான அந்த முடிவு இன்றும் பேசப்படுகிறது. ஆய்வில் கலந்துகொண்டவர்களில் 79 சதவீதத்தினர் புதிய பக்கத்தின் மீது கண்களை ஓடவிட்டார்கள். 16 சதவீதத்தினர் மட்டுமே ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்கள்.

இன்னொன்றையும் அவர்கள் செய்தார்கள். ஒரே தகவலைப் பல விதமாக எழுதிச் சோதித்தார்கள். சொற்களைப் பாதியாகக் குறைத்தபோது பக்கத்தின் பயன்பாடு 58 சதவீதம் உயர்ந்தது. சொற்களைக் குறைத்து, உபதலைப்புகளும் பட்டியலும் சேர்த்து, பெருமை பேசும் வரிகளையும் நீக்கியபோது 124 சதவீதம் உயர்ந்தது. தகவல் அதேதான், எழுதிய விதம்தான் மாறியது.

சாதாரண நேரத்திலேயே இப்படி என்றால், குழந்தை அழும்போது தேடும் தாய் எப்படிப் படிப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அவர் முதல் திரையைப் பார்ப்பார். பதில் இல்லையென்றால் 'பேக்' பட்டனை அழுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அடுத்த பக்கம் பவுடர் விற்கும் பக்கமாகவும் இருக்கலாம்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம்

இதற்கெல்லாம் அமெரிக்காவைத்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. 1998ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். அங்கிருந்து எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களுக்குத் தகவல் போகும். மையங்களை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள், பலர் பெண்கள். இத்திட்டத்துக்கு 2001ல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டில் கடல் அலைகளின் உயரத்தை முன்கூட்டியே கணித்து வெளியிடுவார்கள். அது வண்ண வரைபடமாக ஆங்கிலத்தில் இருக்கும். அதை அப்படியே மீனவர்களிடம் காட்டி என்ன பயன்? அலை எவ்வளவு உயரம் வரும் என்ற ஒரு விஷயத்தை மட்டும் எடுத்து, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கட்டுமரத்தை இறக்கலாமா, வேண்டாமா என்று கேட்டவர்களே முடிவு செய்தார்கள். இன்று ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இந்தியக் கடற்கரைகளுக்கான அலை முன்னறிவிப்பைத் தருகிறது.

இந்தத் திட்டத்தைச் சேர்ந்த நல்லவாடு என்ற மீனவர் ஊரில் நடந்தது உலகம் அறிந்த செய்தி. 2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்தபோது, சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தகவல் அறிந்து ஊருக்குப் போன் செய்தார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள். மக்கள் வெளியேறினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் தப்பின.

இதில் எழுதுபவர்களுக்கு ஒரு பாடம் உண்டு. சுனாமி ஏன் வருகிறது என்ற விளக்கம் அந்த நேரத்தில் யாருக்கும் தேவைப்படவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதே முதலில் வர வேண்டும். விளக்கம் பிறகு வரலாம்.

ஒரு அறிவிப்பு, இரண்டு வடிவம்

இப்போது ஒரு பயிற்சி. விழுப்புரம் மாவட்டம் பொம்மையார்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கடலோர ஊர். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. இதே மாவட்டத்தில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. இப்படிப்பட்ட வெள்ளத்துக்குப் பிறகு குடிநீர் கெட்டு, வயிற்றுப்போக்கு பரவும் ஆபத்து உண்டு. அந்த நேரத்தில் வெளியிட ஒரு அறிவிப்பு எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக இப்படித்தான் எழுதுவார்கள் (இது நான் மாதிரிக்காக எழுதியது):

"வடகிழக்குப் பருவமழையினைத் தொடர்ந்து தாழ்வான பகுதிகளில் மழைநீர் தேங்கியுள்ளதனால், குடிநீர் மாசுபடுவதன் மூலம் பரவக்கூடிய வயிற்றுப்போக்கு உள்ளிட்ட நோய்களிலிருந்து பொதுமக்கள் தங்களையும் தங்கள் குழந்தைகளையும் பாதுகாத்துக் கொள்ளும் பொருட்டு, குடிநீரினை நன்கு காய்ச்சிப் பருகுமாறும், நோய் அறிகுறிகள் தென்படும் பட்சத்தில் உப்பு சர்க்கரைக் கரைசலினை உட்கொண்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனையினை அணுகுமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

தகவலில் தப்பில்லை. ஆனால் இது முழுவதும் ஒரே வாக்கியம். இதையே வெப்சைட்டுக்காக மாற்றி எழுதுவோம்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? உடனே செய்ய வேண்டியவை

* செய்யுங்கள்: ஓ.ஆர்.எஸ். பவுடரைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். எவ்வளவு தண்ணீர் என்பது பாக்கெட்டின் மேல் இருக்கும். பாக்கெட் முழுவதையும் ஒரே தடவையில் கரையுங்கள்.

* நிறுத்தாதீர்கள்: தாய்ப்பாலையும் வழக்கமான சாப்பாட்டையும் தொடர்ந்து கொடுங்கள்.

* உடனே மருத்துவமனைக்குப் போங்கள்: மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, குடிக்க முடியாத நிலை, குழி விழுந்த கண்கள், எழுப்பினாலும் சரியாக விழிக்காத சோர்வு, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். ஆம்புலன்ஸ்: 108.

முதல் வரி யாருக்கு என்று சொல்கிறது. இரண்டாவது செய்ய வேண்டியதைச் சொல்கிறது. மூன்றாவது செய்யக் கூடாததை. நான்காவது எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதை. இந்த நான்கு வரிகளும் முதல் திரையில், மவுஸ் வீலை உருட்டாமல் தெரிய வேண்டும். மழை, கிருமி, திட்டம், துவக்க விழா எல்லாம் அதற்குக் கீழே வரட்டும். எந்த நோயாக இருந்தாலும் இந்த முறையில் எழுதிப் பழகலாம்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கல்

ஆங்கிலத்தில் 'செய்யாதே' என்ற சொல் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். சின்ன வாக்கியத்தில் இது ஒரு பிரச்னையே இல்லை. நீண்ட வாக்கியத்தில் ஆபத்து. இதைப் பாருங்கள்:

"பாம்பு கடித்த இடத்தைக் கத்தியால் கீறி, வாயால் ரத்தத்தை உறிஞ்சி, அதற்கு மேலே கயிற்றால் இறுகக் கட்டி நேரத்தை வீணாக்கக் கூடாது."

'கூடாது' என்பது கடைசிச் சொல். சர்ச் இன்ஜின் உங்கள் பக்கத்தின் சில சொற்களை மட்டும் வெட்டி எடுத்து, தேடல் முடிவுகளில் காட்டும். 'கீறி, உறிஞ்சி, இறுகக் கட்டி' என்பதோடு வெட்டிவிட்டால் என்ன ஆகும்? எதைச் செய்யக் கூடாது என்று எழுதினீர்களோ, அதுவே செய்யச் சொன்னது போலத் தெரியும். பக்கத்தைத் திறக்காமலே, பார்த்த இரண்டு வரியை நம்பிக் கயிற்றைத் தேடுபவரும் இருக்கலாம்.

இப்படிப் பிரித்துவிடுங்கள்:

"செய்யாதீர்கள்: கீறாதீர்கள். உறிஞ்சாதீர்கள். இறுகக் கட்டாதீர்கள்.
செய்யுங்கள்: கடிபட்ட கையை அல்லது காலை அசைக்காமல் வைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்."

ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை. இந்த ஒரு விதியைப் பின்பற்றினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எண்களில் கவனம்

சுகாதாரப் பக்கத்தில் எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். எண் பிழையாக இருந்தால் ஆபத்து. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கான பெரிய பாக்கெட்டும், 200 மி.லி. தண்ணீருக்கான சிறிய பாக்கெட்டும் கடைகளில் கிடைக்கின்றன. 'ஒரு பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கவும்' என்று எழுதிவிட்டால், பெரிய பாக்கெட் வாங்கியவர் அளவுக்கு மீறி உப்பான கரைசலைக் குழந்தைக்குக் கொடுப்பார். 'ஒரு லிட்டரில் கலக்கவும்' என்று எழுதினால், சிறிய பாக்கெட் வாங்கியவரின் கரைசல் நீர்த்துப்போகும். எனவேதான் மேலே உள்ள மாதிரியில் பாக்கெட்டின் மேல் உள்ள அளவைப் பார்க்கச் சொன்னோம்.

பாக்கெட் கிடைக்காதபோது வீட்டிலேயே தயாரிக்கும் கரைசல் இதோ: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டி எடுத்த 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி எடுத்த அரை டீஸ்பூன் உப்பு. இதைப் பத்தியாக எழுதினால் அவசரத்தில் 6 எதற்கு, அரை எதற்கு என்று மாறிப்போகும். ஒவ்வொரு பொருளையும் தனித் தனி வரியில் எழுதுங்கள். 'அரை' என்று எழுத்தாலேயே எழுதுங்கள். ஒன்றின் கீழ் இரண்டு என்று ஒரே எழுத்தாக உள்ள பின்னக் குறி, பழைய பான்ட்டிலிருந்து மாற்றும்போது வேறு எழுத்தாக மாறிவிடலாம் அல்லது வெறும் கட்டமாகத் தெரியலாம். உப்பின் அளவில் இந்த விளையாட்டு வேண்டாம்.

சொல்லிலும் கவனம் வேண்டும். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொண்டு சர்க்கரை அதிகமுள்ள பழச்சாறு பானங்கள் விற்கப்பட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. எனவே எழுதும்போது 'மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பவுடர்' என்று தெளிவாக எழுதுவது நல்லது.

மக்கள் எந்தச் சொல்லைத் தேடுகிறார்கள்?

சுகாதாரத் துறைக்கு என்று ஒரு தமிழ் உண்டு. வீட்டுக்கு என்று ஒரு தமிழ் உண்டு. துறையில் 'வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பு' என்பார்கள். நாய் கடித்து வந்த பையனின் அப்பா, 'நாய் கடித்தால் என்ன செய்ய வேண்டும்' என்றுதான் டைப் செய்வார். தலைப்பில் அவருடைய சொற்கள் இருந்தால், அந்தப் பக்கம் அவர் கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். திறந்தவுடன் அவருக்குத் தெரிய வேண்டியது: காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், சின்னக் கீறல் என்று விட்டுவிடாமல் இன்றே தடுப்பூசி போடப் போங்கள். துறையின் சொல்லையும் கீழே ஓரிடத்தில் சேர்த்துவிட்டால் இரண்டு விதமாகத் தேடுபவர்களுக்கும் பக்கம் கிடைக்கும்.

ஊர்ப் பெயருக்கும் இதே கதைதான். பொம்மையார்பாளையம், பொம்மையபாளையம் என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். மருத்துவ முகாம் அறிவிப்பில் ஒன்றை மட்டும் போட்டால், மற்றதை டைப் செய்து தேடுபவருக்கு அது கிடைக்காமல் போகலாம். இரண்டையும் ஒரு தடவையாவது எழுதிவிடுங்கள்.

இந்த ஊருக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. ஊர் தமிழ்நாட்டில், வானூர் வட்டத்தில் இருக்கிறது. அதே சாலையில் இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் வரும் காலாப்பட்டு, புதுச்சேரி யூனியன் பிரதேசம். தெற்கே போனாலும் புதுச்சேரி. இரு பக்கத்துக்கும் பின்கோடு 605 என்றே தொடங்குகிறது, போனுக்கு எஸ்.டி.டி. கோடு 0413. பின்கோடை வைத்து இடத்தைக் கணிக்கும் வெப்சைட், இந்த ஊர்க்காரரைப் புதுச்சேரிக்காரர் என்று நினைத்துக்கொள்ளக் கூடும். 'அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் நாளை தடுப்பூசி முகாம்' என்று பொதுவாக எழுதினால், எந்த அரசு, எந்த மருத்துவமனை என்ற கேள்வி வரும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தவறான முகாமுக்குப் போய்த் திரும்புபவருக்கு ஒரு நாள் கூலி போகும். எனவே மாநிலம், மாவட்டம், வட்டம், இடம், தேதி, நேரம் ஆகிய ஆறையும் தலைப்புக்குக் கீழேயே எழுத வேண்டும். தமிழ்நாட்டு அறிவிப்பு என்றால் சந்தேகம் கேட்க 104 என்ற எண்ணையும் சேர்க்கலாம்.

படமாகப் போடாதீர்கள்

இது நம் கம்ப்யூட்டர் சமாச்சாரம். பல அலுவலகங்களில் நோட்டீஸை அச்சடித்து, கையெழுத்து போட்டு, ஸ்கேன் செய்து, அந்தப் படத்தை அல்லது பி.டி.எப். பைலை வெப்சைட்டில் ஏற்றிவிடுகிறார்கள். இதில் மூன்று தொல்லைகள்.

ஒன்று, படத்துக்குள் இருக்கும் எழுத்தை வைத்துத் தேடுபவருக்கு அந்தப் பக்கம் கிடைப்பது கஷ்டம். இரண்டு, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பு சாப்ட்வேர் அதைப் படித்துக் காட்ட முடியாமல் திணறும். மூன்று, பைலின் அளவு. யூனிகோட் தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட் ஆகும். ஆயிரம் குறியீடுகள் கொண்ட அறிவிப்பு என்றாலும் சுமார் 3 கிலோபைட்தான். அதையே ஸ்கேன் செய்தால் பல நூறு கிலோபைட் ஆகிவிடும். புயலுக்கு மறுநாள், கரண்ட் இல்லாமல், செல்போன் டவர் அரைகுறையாக வேலை செய்யும்போது எது திறக்கும்? எழுத்துதான்.

அடுத்தது பான்ட் பிரச்னை. ஒரு காலத்தில் தமிழ் சாப்ட்வேர் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு எழுத்துக் குறியீட்டை வைத்திருந்தது. 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்து டாம், டாப் என்ற குறியீடுகளும் தமிழ் 99 கீபோர்டும் தரப்படுத்தப்பட்டன. விண்டோஸ் 2000 முதல் விண்டோஸில் யூனிகோட் தமிழ் வந்தது. 2010ல் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய பான்ட்களில் டைப் செய்த பைல்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

உங்களிடம் உள்ள பைல் எந்த வகை என்று கண்டுபிடிப்பது எளிது.

1. பைலில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் கீயுடன் சி அழுத்திக் காப்பி செய்யுங்கள்.
2. நோட்பேடைத் திறந்து, கண்ட்ரோல் கீயுடன் வி அழுத்தி ஒட்டுங்கள்.
3. தமிழாகவே தெரிந்தால் அது யூனிகோட். ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரிந்தால் பழைய பான்ட். எதையுமே தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் அது படம்.

புதிதாக டைப் செய்ய எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்வேஜ் பிரிவில் தமிழைச் சேர்த்துவிடுங்கள். கீபோர்டுகளில் தமிழ் 99 இருக்கும். விண்டோஸ் கீயை அழுத்தியபடி ஸ்பேஸ்பாரைத் தட்டினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்ட நகல் கட்டாயம் தேவை என்றால், எழுத்து வடிவத்தை மேலே போட்டு, பி.டி.எப். பைலுக்குக் கீழே ஒரு லிங்க் கொடுத்துவிடுங்கள்.

தேதி இல்லாத தகவல் கெட்டுப்போன மருந்து மாதிரி

மருந்து அட்டையில் காலாவதி தேதியைப் பார்க்கிறோம். சுகாதாரப் பக்கத்திலும் அது வேண்டும். எழுதிய தேதி, கடைசியாகச் சரிபார்த்த தேதி, சரிபார்த்தவரின் பெயரும் பொறுப்பும், இந்த மூன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஜெனீவாவில் 1995ல் தொடங்கிய ஹெல்த் ஆன் தி நெட் அமைப்பு, நம்பகமான மருத்துவ வெப்சைட்டுகளுக்கு ஒரு முத்திரை கொடுத்து வந்தது. அந்தச் சேவை 2022 டிசம்பரில் நின்றுவிட்டது. பழைய பக்கங்களில் இன்னும் அந்த முத்திரையைப் பார்க்கலாம். இப்போது அதை நம்பிப் பயனில்லை. தேதியையும் வெளியிட்டவர் பெயரையும் நாமே பார்க்க வேண்டும்.

ஒரே நாளில் பயிற்சி

சாப்ட்வேர் துறையில் ஒரு புரோகிராமை எழுதியவரே சோதித்தால் போதாது என்பார்கள். முன்பின் பார்க்காத ஒருவரை உட்காரவைத்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று கவனிப்போம். ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று 2000ல் நீல்சன் எழுதினார். சுகாதாரப் பக்கத்துக்கும் இது பொருந்தும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு கம்ப்யூட்டரும் பத்துப் பேரும் இருந்தால் ஒரே நாளில் இப்படி ஒரு வகுப்பை நடத்தலாம்.

காலை: ஒவ்வொருவரும் தங்களிடம் மக்கள் அடிக்கடி கேட்கும் மூன்று கேள்விகளை, கேட்டவர் சொன்ன சொற்களிலேயே எழுதட்டும். கிராம சுகாதார செவிலியருக்கு இது கைவந்த கலை. தினமும் வீடு வீடாகக் கேட்பவர் அவர்தான்.

முற்பகல்: ஒரு கேள்விக்கு மட்டும் முதல் நான்கு வரியை எழுதட்டும். டாக்டர் அதில் உள்ள எண்களைச் சரிபார்க்கட்டும்.

மதியம்: புற நோயாளிகளாக வந்தவர்களில் விருப்பமுள்ள ஐந்து பேரிடம் பக்கத்தைக் காட்டுங்கள். படித்தவுடன் திரையை மூடிவிட்டு, 'இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்' என்று கேளுங்கள். 'புரிந்ததா' என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள்.

மாலை: அவர்கள் தடுமாறிய இடங்களைத் திருத்தி வெளியிடுங்கள்.

அமெரிக்காவின் சி.டி.சி. அமைப்பு இதற்கென 20 கேள்விகள் கொண்ட ஒரு மதிப்பெண் முறையையே வைத்திருக்கிறது. முக்கியச் செய்தி ஒன்று இருக்கிறதா, அது மேலே இருக்கிறதா என்றுதான் அது ஆரம்பிக்கும். 100க்கு 90 வாங்கினால்தான் தேறியதாகக் கணக்கு. நம் ஊரில் மதிப்பெண் போடுபவர் அந்தப் புற நோயாளிதான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

'நான் இப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறேன், சுகாதாரத் துறையில் இல்லையே' என்று கேட்கலாம். உங்களுக்கும் வேலை உண்டு. மகளிர் குழு, குடியிருப்போர் சங்கம், ஊர் வாட்ஸ்அப் குழு என்று எதிலாவது நீங்கள் இருப்பீர்கள். 'கம்ப்யூட்டர் தெரிந்தவர்' என்று அறிவிப்பை டைப் செய்யும் வேலை உங்களிடம்தான் வரும். அப்போது யூனிகோடில் டைப் செய்யுங்கள். முதல் நான்கு வரியை மேலே கொண்டு வாருங்கள். எண்களை மட்டும் நீங்களாக மாற்றாமல், செவிலியரிடமோ டாக்டரிடமோ ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

படிக்கும்போதும் இதே கண்ணோடு பாருங்கள். யார் எழுதியது, எப்போது எழுதியது, என்ன செய்யச் சொல்கிறது என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத பக்கத்தை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். நல்ல பக்கம் ஒன்று கண்ணில் பட்டால், பிரவுசரில் கண்ட்ரோல் கீயுடன் டி அழுத்தி புக்மார்க் செய்துகொள்ளுங்கள். பிரிண்டர் இருந்தால் ஒரு காப்பி எடுத்து சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். கரண்ட் போன இரவிலும் அது உதவும்.